பக்கத்துப் படகு: மாரிட் பௌமேஸ்டரும் நேத்ரா குமணனும்

பாய்மரப் படகு ஓட்டுபவர்கள் வேகத்தை அளந்துகொள்ள ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் ஒரே வகைப் படகுகளை எடுத்துக்கொண்டு, பக்கம் பக்கமாக, ஒரே காற்றில், ஒரே திசையில் ஓட்டுவார்கள். ஒருவர் எதையும் மாற்றமாட்டார். மற்றவர் பாய்க்கயிற்றை ஒரு விரற்கடை இறுக்குவார். அல்லது உட்காரும் இடத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொள்வார். இரண்டு மூன்று நிமிடத்தில் விடை வந்துவிடும்: யாராவது ஒருவருடைய படகின் அணியம், அதாவது முன்முனை, முன்னே போயிருக்கும். கடலில் மைல்கல் கிடையாது. காற்றோ நிமிடத்துக்கு நிமிடம் கூடும், குறையும், திரும்பும். தனியாகப் போகிறவருக்குத் தான் நன்றாக ஓட்டுகிறோமா, காற்றுதான் வலுத்திருக்கிறதா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. பக்கத்துப் படகுதான் அவருக்கு அளவுகோல்.

இந்த முறையிலேயே இரண்டு விளையாட்டு வாழ்க்கைகளைப் பக்கம் பக்கமாக ஓடவிட்டுப் பார்க்கலாம். ஒருவர் நெதர்லாந்தின் மாரிட் பௌமேஸ்டர். நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் நான்கு பதக்கங்கள், அவற்றில் இரண்டு தங்கம். இன்னொருவர் சென்னையின் நேத்ரா குமணன். பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். ஒருவர் உச்சியில், மற்றவர் நடுவரிசையில் இருக்கும்போது ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். பதக்கங்களை மட்டும் எண்ணுவதென்றால் ஒரு வரியில் முடிந்துவிடும். அதற்கு ஆய்வு தேவையில்லை. ஆனால் இவர்கள் இருவரும் ஓட்டுவது ஒரே படகு. 2021இல் ஜப்பானின் எனோஷிமாவிலும் 2024இல் பிரான்ஸின் மார்செய்லிலும் ஒரே தொடக்கக் கோட்டில், ஒரே காற்றில் நின்றவர்கள். படகு சமமாக இருக்கும்போது வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தேட இதைவிட நல்ல இணை கிடைப்பது கடினம்.

சமமாக்கும் படகு

கனடாவைச் சேர்ந்த புரூஸ் கிர்பி 1969இல் ஒரு தொலைபேசி உரையாடலின்போது கிறுக்கிய படம்தான் பின்னர் லேசர் என்ற படகானது. 1971இல் சந்தைக்கு வந்தது. நீளம் 4.2 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல்; வெறும் படகுக் கூட்டின் எடை ஏறத்தாழ 59 கிலோ. ஒரு பாய், ஒரு சுக்கான், படகு பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்க நடுவே செருகும் ஒரு பலகை, ஓர் ஆள். அவ்வளவுதான். பெண்கள் ஓட்டும் ரேடியல் வகைக்குப் பாயின் பரப்பு 5.76 சதுர மீட்டர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலிருந்து பெண்களின் தனிநபர் படகு இதுதான். இப்போது ஐஎல்சிஏ 6 என்ற பெயரில் வழங்குகிறது.

இந்தப் படகின் தத்துவம் 'எல்லாருக்கும் ஒன்று' என்பது. பாயின் வெட்டு, பாய்மரத்தின் வளைவு, பலகையின் வடிவம் எதையும் ஒருவர் தன் வசதிக்கு மாற்றக் கூடாது. ஒலிம்பிக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், போட்டி நடத்துபவர்களே எல்லாருக்கும் படகு கொடுத்துவிடுகிறார்கள். பணக்கார நாடு நல்ல படகு வாங்கிவிட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்படியானால் மிஞ்சுவது உடலும் மூளையும். எதிர்காற்றில் படகு நேராகப் போகாது. இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும். அப்போது காற்று படகைச் சாய்க்கும். கால்களை வார்ப்பட்டையில் கொக்கி போல மாட்டிக்கொண்டு, உடலைப் படகுக்கு வெளியே நீட்டி, தொடையும் வயிறும் எரிய எரிய அந்தச் சாய்வை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். அதே நேரத்தில் கண் தண்ணீரின் மேல் ஓடும் கருமையைப் பார்த்துக்கொண்டிருக்கும். காற்றின் அடுத்த வீச்சு அங்கேதான் வருகிறது. அது பத்து பாகை இடப்பக்கம் திரும்பப்போகிறதா, வலப்பக்கமா என்பதை முதலில் ஊகிப்பவருக்கு அந்தச் சுற்று பாதி கைவந்த மாதிரி.

முதல் தண்ணீர்

மாரிட் பிறந்தது 1988இல், ஃப்ரீஸ்லாந்து மாநிலத்தில் வார்டெனா என்ற சிறு ஊரில். ஏரிகளும் கால்வாய்களும் பின்னிக் கிடக்கும் நிலம் அது. ஒரு காலத்தில் அங்கே சரக்கு ஏற்றிப்போன தட்டையடிப் பாய்மரப் படகுகளை இன்றும் ஊர்ப் பெருமையாக வைத்துக்கொண்டு கோடைதோறும் பந்தயம் விடுகிறார்கள். நம் ஊரில் மாட்டுவண்டிப் பந்தயத்துக்குக் கூடும் கூட்டத்தைப் போல அங்கே கரையோரமாகக் கூட்டம் கூடும். ஸ்னேக் நகரில் ஆண்டுதோறும் ஒரு வாரம் முழுக்கப் பாய்மரத் திருவிழாவே நடக்கிறது. மாரிட்டின் சகோதரர் ருலோஃபும் பாய்மரப் படகு ஓட்டியவர். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்துப் படகு வீட்டிலேயே இருந்தது, தெருவில் இருந்தது, அடுத்த ஊரிலும் இருந்தது.

நேத்ரா பிறந்தது 1997இல், சென்னையில். நீண்ட கடற்கரை கொண்ட ஊர்தான். ஆனால் கடற்கரை இருப்பதும் பாய்மர விளையாட்டு இருப்பதும் வேறு வேறு. நம் கரையில் பாய் ஒரு தொழிற்கருவி. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்து, அது வருவதை மணந்தே சொல்லக்கூடியவர்கள் நம் மீனவர்கள். இயந்திரம் வந்ததும் பாய் சுருட்டி வைக்கப்பட்டது. அந்த அறிவு விளையாட்டாக மாறக் காரணமும் இல்லை, வசதியும் இல்லை. விளையாட்டுப் பாய் வேறு வாசல் வழியாக வந்தது. 1911இல் துறைமுகத்தில் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் வெள்ளைக்கார அதிகாரிகளின் பொழுதுபோக்கிலிருந்து பிறந்தது. பின்னாளில் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை முகாம்கள் நடத்தத் தொடங்கியது. 2009இல் அப்படி ஒரு முகாமுக்குப் போன பன்னிரண்டு வயதுச் சிறுமிதான் நேத்ரா. அதற்கு முன் பரதநாட்டியம், ஓவியம், டென்னிஸ் என்று பலவற்றைத் தொட்டுப் பார்த்தவர். கடலில் இறங்கிய பிறகு மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போயின.

இங்கே முதல் வித்தியாசம் தெரிகிறது. அதை வயதுக் கணக்காக மட்டும் பார்க்கக் கூடாது. ஃப்ரீஸ்லாந்தில் ஒரு பெண் படகு ஓட்டப் போகிறேன் என்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சென்னையில் அதே வாக்கியத்தைச் சொன்னால், எந்தப் படகு, எதற்கு, வெயிலில் ஏன் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி முடித்த பிறகே கரையைத் தாண்ட முடியும். முதல் ஆளுக்கு எப்போதும் இந்த விளக்கம் சொல்லும் வேலை கூடுதலாக இருக்கிறது.

இருபத்து நான்கு வயதில்

இருவரும் முதல் ஒலிம்பிக்குக்குப் போனபோது ஏறத்தாழ ஒரே வயது. 2012இல் லண்டன் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிகள் நடந்த வேமத்துக்கு மாரிட் போனபோது வயது 24. டோக்கியோ ஒலிம்பிக்குக்காக நேத்ரா எனோஷிமாவில் இறங்கியபோது 24 நிறைய இன்னும் சில வாரங்கள் பாக்கி. ஆனால் கையில் கொண்டுபோனவை வேறு.

மாரிட் 2011இல் பெர்த்தில் உலகப் பட்டம் வென்றுவிட்டுத்தான் வேமத்துக்குப் போனார். அங்கே நடந்தது பெண்கள் ரேடியல் வரலாற்றிலேயே மிக நெருக்கமான போட்டிகளில் ஒன்று. அயர்லாந்தின் அனலீஸ் மர்ஃபி முதல் நான்கு சுற்றுகளையும் தொடர்ச்சியாக வென்றார். ஆனாலும் இறுதிச் சுற்றுக்கு முன்னால் முதல் நால்வருக்கு இடையே ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம்: சீனாவின் ஷு லிஜியா, மாரிட், பெல்ஜியத்தின் எவி வான் ஆக்கர், மர்ஃபி. கடைசிச் சுற்றை ஷு லிஜியா வென்று தங்கம் கொண்டுபோனார். மாரிட்டுக்கு வெள்ளி. நான்கு சுற்று வென்ற மர்ஃபிக்குப் பதக்கமே இல்லை.

இந்த விளையாட்டின் கணக்கு அப்படி. முதலிடத்துக்கு 1 புள்ளி, பத்தாம் இடத்துக்கு 10. மொத்தம் குறைவாக வைத்திருப்பவரே வெல்வார். மோசமான ஒரு சுற்றை மட்டும் கழித்துக்கொள்ளலாம். கடைசிப் பதக்கச் சுற்றில் முதல் பத்துப் பேர் மட்டுமே ஓட்டுவார்கள். அதற்குப் புள்ளி இரட்டிப்பு. ஒருநாள் சூறாவளியாக ஓட்டிவிட்டு மறுநாள் முப்பதாவது இடத்துக்குப் போகிறவரைவிட, எந்தக் காற்றிலும் ஐந்தாவது ஆறாவது இடத்துக்குக் கீழே இறங்காதவரே மேடை ஏறுவார். மாரிட்டின் பலம் இந்தச் சீர்மைதான். 2014இல் சான்டாண்டரிலும் 2017இல் சொந்த நாட்டு மெடெம்ப்லிக்கிலும் 2020இல் மெல்போர்னிலும் உலகப் பட்டங்கள். 2016 ரியோவில் மலைகளுக்கு நடுவே காற்று கண்ணாமூச்சி ஆடும் குவானபாரா விரிகுடாவில் ஒலிம்பிக் தங்கம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணமுள்ள தண்ணீர்.

நேத்ரா கொண்டுபோனது வேறு வகைச் சாமான். 2014 இஞ்சியான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 17 வயதில் ஏழாம் இடம். 2018இல் ஐந்தாம் இடம். பொறியியல் படிப்பு ஒரு பக்கம், படகு ஒரு பக்கம். 2020 ஜனவரியில் மயாமியில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம். பாய்மர உலகக் கோப்பையில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண். அதற்கு அடுத்த மாதம்தான் மெல்போர்னில் மாரிட் நான்காவது உலகப் பட்டத்தை வென்றார். அந்த இரண்டு மாதங்களில் இருவருடைய கோடுகளும் சற்று அருகருகே வந்தன. உடனே கொரோனா வந்து துறைமுகங்களை மூடியது. நேத்ரா மறுபடி ஒரு பெரிய போட்டியில் தன்னை நிரூபிக்க 2021 ஏப்ரலில் ஓமனின் முசன்னா வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒலிம்பிக் இடம் அங்கேதான் உறுதியானது.

இரண்டு வாசல்கள்

ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்கு இந்தப் பிரிவில் ஒரு படகுதான். இந்த விதி இரண்டு பேரையும் இரண்டு விதமாகச் சோதித்தது.

மாரிட்டின் வாசல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. 2020 மெல்போர்ன் உலகப் போட்டியில் அவர் முதலிடம் வந்தபோது இரண்டாமிடம் வந்தவர் இன்னொரு நெதர்லாந்துப் பெண்ணான மாக்ஸிம் யோங்கர். உலகத்தில் இரண்டாவதாக வந்தும் ஒலிம்பிக்குக்குப் போக முடியாத நிலை! யோங்கரின் பக்கமிருந்து பார்த்தால் கொடுமை. மாரிட்டின் பக்கமிருந்து பார்த்தால் அதைவிடப் பெரிய கொடுப்பினை எதுவுமில்லை. ஒலிம்பிக்கில் யாரை வெல்ல வேண்டுமோ அந்தத் தரத்தில் ஓட்டும் ஒருவர் சொந்த நாட்டிலேயே கிடைத்துவிட்டார்.

நேத்ராவின் வாசல் உலகத்தின் மறுகோடியில் இருந்தது. உள்நாட்டில் அவரை அந்தத் தரத்துக்கு இழுத்துப்போகக்கூடிய கூட்டம் இல்லை. எனவே ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவுக்குப் போய் ஹங்கேரியப் பயிற்சியாளர் தமாஷ் எசெஷிடம் பயிற்சி பெற்றார். ஒலிம்பிக் பதக்க வாய்ப்புள்ளவர்களுக்கு உதவும் அரசின் டாப்ஸ் திட்டம் கைகொடுத்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்கான இடம் இன்னும் இழுபறியானது. 2024 ஏப்ரலில் பிரான்ஸின் இயேரில் நடந்த கடைசி வாய்ப்புப் போட்டியில், வளரும் நாடுகளுக்கான ஒதுக்கீட்டில்தான் அது கிடைத்தது. மாரிட் பதக்கத்துக்காக உடலைத் தீட்டிக்கொண்டிருந்த மாதங்களில் நேத்ரா நுழைவுச்சீட்டுக்காக உடலைச் செலவழித்துக்கொண்டிருந்தார்.

ஆள் துணை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குத் தொடக்கக் கோட்டைப் பார்த்தால் போதும். ஓட்டப்பந்தயத்தில் வீரர்கள் நின்ற இடத்திலிருந்து கிளம்புவார்கள். படகு நிற்காது. ஐந்து நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது நாற்பத்துச் சொச்சம் படகுகள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டின் பின்னால் மிதந்து, இடம் பிடித்து, ஒன்றையொன்று உரசாமல் காத்து, கடைசி நொடியில் முழு வேகத்தோடு கோட்டைத் தாண்ட வேண்டும். ஒரு நொடி முந்தினால் தண்டனை. இரண்டு நொடி பிந்தினால் முன்னால் போனவர்களின் பாய்கள் கலக்கிவிட்ட அழுக்குக் காற்றில் சிக்கிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து மீள அரை மணி நேரம் ஆகும். இந்தக் கலையைத் தனியாகப் பழக முடியாது. ஐந்து படகுகளோடு பழகினாலும் நாற்பது படகுகளுக்கு நடுவே அது வேலை செய்யாது. உறியடியைத் தெருவில் கூட்டத்துக்கு நடுவில்தான் பழக வேண்டும். வீட்டுக் கூடத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு பழக முடியுமா?

ஒரே காற்றில் இரண்டு முறை

எனோஷிமாவில் 44 பேர் ஓட்டினார்கள். டென்மார்க்கின் ஆன்-மரீ ரிண்டம் தங்கம் வென்றார். நடப்பு வெற்றியாளரான மாரிட்டுக்கு வெண்கலம். நேத்ரா 35ஆம் இடம். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் சோர்வு வரும். உள்ளே போய்ப் பார்த்தால் வேறு படம்: சில சுற்றுகளில் அவர் 15, 16ஆம் இடங்களைப் பிடித்திருந்தார், வேறு சிலவற்றில் கூட்டத்தின் வாலில் இருந்தார். வேகம் இருந்தது. அதை நாள்தோறும் திரும்பக் கொண்டுவரும் பழக்கம்தான் இன்னும் சேரவில்லை.

அடுத்த மூன்று ஆண்டுகளை இருவரும் கழித்த விதம் தனித்தனி. மாரிட் 2022இல் ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். பிரசவத்துக்குப் பிறகு வயிற்றுத் தசையும் தொடைத் தசையும் மறுபடி படகுக்கு வெளியே தொங்கும் வலிமை பெறுவது சின்ன வேலை இல்லை. இரண்டே ஆண்டுகளில் அதை முடித்துவிட்டு மார்செய்லுக்கு வந்தார். நேத்ரா 2023இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் நான்காம் இடம் வந்து, பதக்கத்தை ஒரு படியில் தவறவிட்டார். ஏழு, ஐந்து, நான்கு என்று மூன்று ஆசியப் போட்டிகளில் ஏறிய படிக்கட்டு அது. மெதுவாகத்தான் ஏறினார், இறங்கவில்லை.

மார்செய்லில் காற்று எல்லாருடைய பொறுமையையும் சோதித்தது. படகுகள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தன. பதக்கச் சுற்றே ஒருநாள் தள்ளிப்போய் ஆகஸ்ட் 7இல் நடந்தது. அதற்குள் மாரிட் சேர்த்துவைத்திருந்த முன்னிலை அவ்வளவு பெரியது. கடைசிச் சுற்றில் விதிமீறல் எதுவும் இல்லாமல் ஓட்டி முடித்தாலே தங்கம் என்ற நிலை. அப்படியே முடித்தார். 36 வயதில் இரண்டாவது ஒலிம்பிக் தங்கம், நான்காவது பதக்கம். இரண்டு தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம்.

நேத்ரா அங்கே முதல் சுற்றிலேயே 6ஆம் இடம் வந்தார். அவருக்குப் பின்னால் 37 படகுகள். முடிவில் 43 பேரில் 21ஆம் இடம். முப்பத்தைந்திலிருந்து இருபத்தொன்று. கடந்துவந்த தூரத்தை எண்ணினால், எனோஷிமாவுக்கும் மார்செய்லுக்கும் இடையில் நேத்ரா நடந்த தூரம் மாரிட் நடந்ததைவிட அதிகம். ஆனால் எஞ்சிய தூரத்தின் கணக்கு வேறு; மூன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் இரண்டு படிகள் இருபத்தொன்றிலிருந்து பத்துக்குப் போகும் படிகளைவிடச் செங்குத்தானவை. ஆறாம் இடம் ஒருமுறை வந்தால் அதில் காற்றுக்கும் பங்கு உண்டு. ஒன்பது முறை வந்தால் முழுக்க ஓட்டியவரின் கை.

சூழலா, ஆளா?

எல்லாவற்றையும் சூழலின் தலையில் கட்டிவிட்டால் இந்த ஒப்பீடு பொய்யாகிவிடும். ஃப்ரீஸ்லாந்தின் ஏரிகள் மாரிட்டுக்கு மட்டும் சொந்தமானவை இல்லை. அதே தண்ணீர், அதே சங்கங்கள், அதே காற்றில் வளர்ந்த நூற்றுக்கணக்கான பெண்களில் நான்கு ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து மேடை ஏறியவர் ஒருவர்தான். அது போலவே சென்னைத் துறைமுகத்தில் கோடை முகாமுக்கு வந்த பிள்ளைகள் பலர். விடுமுறை முடிந்தும் கடலை விடாமல், இல்லாத பக்கத்துப் படகைத் தேடி அட்லாண்டிக் தீவு வரை போனவர் ஒருவர். சூழல் எல்லையைப் போட்டுக்கொடுத்தது. அந்த எல்லையைத் தள்ளிவைத்தது ஆள்.

ஆனால் தள்ளுவதற்கான செலவு இருவருக்கும் ஒன்று இல்லை. மாரிட் தன் ஆற்றல் முழுவதையும் படகின் வேகத்துக்குக் கொடுக்க முடிந்தது. நேத்ரா அதில் ஒரு பெரும்பங்கை, படகின் பக்கத்தில் இன்னொரு படகைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கே கொடுக்க வேண்டியிருந்தது: பயிற்சியாளர், ஊர், விசா, பணம், தகுதிப் போட்டி. இது எந்தச் சுற்றின் புள்ளியிலும் சேராத உழைப்பு.

அதனால் இந்தியாவுக்கு இந்த ஒப்பீடு காட்டும் வழி இன்னொரு வெளிநாட்டு முகாமோடு முடிவதில்லை. நமக்கு வேண்டியது கூட்டம். ஹாங்ஜோவில் இளம்பெண்களுக்கான, இன்னும் சிறிய பாய் கொண்ட ஐஎல்சிஏ 4 பிரிவில் நேஹா தாக்கூர் வெள்ளி வென்றார். போபால் ஏரியில் பயின்றவர் அவர். அப்படி இன்னும் பத்துப் பேர் ஒரே கரையில் நாள்தோறும் ஓட்டினால், அவர்களில் யார் மேடை ஏறுவார் என்ற கவலையே வேண்டாம். ஏறுகிறவரை மற்ற ஒன்பது பேர் ஏற்றிவிடுவார்கள்.

வேகம் பார்க்கும் பயிற்சியில் எதையும் மாற்றாமல் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் படகுக்கு எந்தப் பரிசும் கிடையாது. அது இல்லாமல் மற்ற படகு ஒரு அங்குலம் கூடக் கற்றுக்கொள்ளாது. மார்செய்லின் முடிவுப் பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே 1 என்றும் இன்னொரு பெயருக்கு எதிரே 21 என்றும் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் எத்தனை பக்கத்துப் படகுகள் ஓடின என்று எழுத அந்தப் பட்டியலில் கட்டம் இல்லை.